மூன்றாம் மாடி மருந்தகம்

மார்ச் 4

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம்தானே? அண்ணியின் முழங்கால் வலி தேவலையா? இந்தக் கடிதம் முழுக்கப் பெருமையடிக்கத்தான். உங்கள் ஆஸ்பத்திரியின் ஐந்து வருடப் பதிவேடுகளை ஆராய்ந்து முடித்துவிட்டேன். இதய நோயாளிகளில், பழைய மாத்திரை சாப்பிட்டவர்களைவிடப் புதியதைச் சாப்பிட்டவர்களிடையே சாவு பாதியாகக் குறைந்திருக்கிறது. வயது, சர்க்கரை, ரத்த அழுத்தம், புகைப்பழக்கம் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துப் பார்த்தேன். முடிவு அசையவில்லை.

பதிவேட்டில் ஏறாத ஏதோ ஒன்று என்னை ஏமாற்றுகிறதோ என்றும் கணக்குப் போட்டேன். அப்படி ஒன்று இருந்தால், அது புது மாத்திரை கிடைப்பதையும் பிழைப்பதையும் மூன்று மடங்குக்கு மேல் மாற்றக்கூடியதாக இருக்க வேண்டும். அவ்வளவு பெரிய விஷயம் யார் கண்ணிலும் படாமல் எங்கே ஒளியும்? ஏப்ரல் இருபதாம் தேதி நிபுணர் குழு முன்னால் நான்தான் பேசப்போகிறேன். பழைய மாத்திரையை அடியோடு நிறுத்திவிடுவார்கள் போலிருக்கிறது.

உன் வாலு

மார்ச் 19

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதத்தை வார்டு வார்டாகக் கொண்டுபோய் வாசித்துக் காட்டினேன். ரத்தம் எடுக்கிற பெண், "சார், நேத்துதான் கேட்டோம்" என்றாள். விடவில்லை. மறுபடி வாசித்தபோதுதான் எனக்குத் திக்கென்றது. அப்புறம் நாலு நாள் கடிதத்தைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தேன்.

முன்பு எங்கள் மருந்தகம் மூன்றாம் மாடியில் இருந்தது. லிஃப்ட் ஸ்ட்ரெச்சருக்கு மட்டும். புது மாத்திரை வந்த புதிதில் நானே ஒரு விதி போட்டேன். நோயாளி நேரில் வந்து பக்கவிளைவுகளைக் கேட்டுக்கொண்டால்தான் புதியது, மகனையோ மனைவியையோ அனுப்பினால் பழையதே போதும். டாக்டரும் தலையாட்டினார். யாரும் எழுதிவைக்கவில்லை. அதாவது, மூன்று மாடி ஏற முடிந்தவருக்குப் புதியது, ஏற முடியாதவருக்குப் பழையது. ஏறுகிற தெம்பு உள்ளவர் எதைச் சாப்பிட்டிருந்தாலும் பிழைத்திருப்பார். ஒளிந்திருந்தது நான்தான், வாலு.

வாயை மூடிக்கொண்டிருந்தால் என்ன என்று தோன்றாமல் இல்லை. ஆனால் சிறுநீரகம் கெட்டவர்களுக்குப் புதியது ஆகாது. பழையதையும் நிறுத்திவிட்டால் அவர்களுக்கு வேறு கதியில்லை. தினமும் அவர்கள் முகத்தைப் பார்க்கிறவன் நான்.

நீ ஆராய்ந்த ஐந்து வருடத்தில் மூன்றாம் வருடம் ஆகஸ்டில் மருந்தகம் தரைத்தளத்துக்கு வந்தது. அன்றோடு என் விதியும் போயிற்று. உனக்குப் பயன்படலாம்.

அண்ணன்

ஏப்ரல் 8

அன்புத் தங்கைக்கு,

பதிலே காணோம். கோபமென்றால் திட்டி எழுது, வாங்கிக்கொள்கிறேன். எழுதாமல் மட்டும் இருக்காதே.

அண்ணன்

ஏப்ரல் 22

அன்புள்ள அண்ணனுக்கு,

கோபம்தான். ஒரு வாரம் உன் கடிதத்தை மேசை இழுப்பறையில் போட்டு மூடிவைத்திருந்தேன். அப்புறம் அந்த ஆகஸ்டுக்குப் பின் வந்தவர்களை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தேன். இரண்டு மாத்திரைக்கும் அநேகமாக வித்தியாசமே இல்லை.

எங்கள் ஆய்வு நிறுவன இயக்குநர், இருபதாம் தேதி தாண்டட்டும், பிறகு மெதுவாகத் திருத்திக்கொள்ளலாம் என்றார். ஆனால் கூட்டத்தில் நான் எழுந்து என் முடிவு தவறு என்று குழுவிடம் சொல்லிவிட்டேன். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று தலைவர் கேட்டார். "எங்க அண்ணன் சொன்னார். அவர் மருந்து கொடுக்கிறவர்" என்றேன். பழைய மாத்திரை தொடரும். ஆய்வின் தலைமை வேறொருவருக்குப் போய்விட்டது. வருத்தம்தான், மறைக்கவில்லை.

உன் வாலு

மே 5

அன்புத் தங்கைக்கு,

"எங்க அண்ணன்" என்ற இடத்தைத் தாண்டி என்னால் படிக்க முடியவில்லை. மீதியை அண்ணிதான் வாசித்தாள். தலைமை போய்விட்டது என்று எழுதியிருக்கிறாள், நீங்கள் என்ன சிரிக்கிறீர்கள் என்று கோபித்துக்கொண்டாள்.

"தப்புன்னு அந்தக் குழுவுல யாருக்கும் தெரியாது. இவ சொல்லலன்னா தெரிஞ்சே இருக்காது. இவளா எழுந்து சொல்லியிருக்கா. என் தங்கச்சி" என்றேன்.

அண்ணி என் முகத்தையே பார்த்தாள். "நீங்க சிரிக்கல, அழுதுட்டு இருக்கீங்க" என்றாள்.

அண்ணன்