ஓடும் பலகையைப் படிப்பது

மார்ச் 3

சோப்பு உறையை முழுதும் படித்தேன். பின்பக்கப் பொடி எழுத்தையும் விடவில்லை. மனைவி, "படிச்சது போதும், அதைப் போட்டுக் குளிங்க" என்றாள்.

மார்ச் 5

மகள் கம்ப்யூட்டரில் லாரி ஓட்டும் விளையாட்டு போட்டுத் தந்தாள். மேசையில் ஸ்டியரிங் கூட மாட்டியிருக்கிறது. சாலையோரப் பலகைகளில் எனக்காகத் தமிழ் எழுத்து ஏற்றியிருக்கிறாள்.

நாற்பது வருடம் லாரி ஓட்டியவன் நான். பலகைகளை நிறத்தை வைத்தும் பக்கத்து மரத்தை வைத்தும்தான் தெரிந்துகொள்வேன். மற்றதைக் கிளீனர் படித்துச் சொல்வான். இப்போது முதியோர் வகுப்பில் எழுத்துப் படித்துவிட்டேன், இனி நானே படிக்கலாம்!

எங்கே? வேகம் எடுத்ததும் ஈர மையில் கை பட்டதுபோல எழுத்து இழுபடுகிறது. வகுப்பில் நிற்கிற எழுத்தைத்தானே படித்தேன். ஓடுகிற எழுத்து எனக்கு வராதோ? வயது போய்விட்டதோ?

மனைவி பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். என் லாரியில் ஒரு நாளும் ஏறியதில்லை. "இப்பவாவது கூட்டிட்டுப் போறீங்களே" என்றாள். இவளுக்குப் படிக்கத் தெரியாது. நான் வாசித்தால்தான் உண்டு.

மார்ச் 9

குறை கண்ணில் இல்லை, மானிட்டரில்தான் என்கிறாள் மகள். பழையது நொடிக்கு அறுபது தடவைதான் படத்தை மாற்றுமாம். புதியது நூற்றி நாற்பத்திநாலு. வந்துவிட்டது, மாட்டினோம். ஒரு வித்தியாசமும் இல்லை. எனக்கு முகம் சுண்டிப்போயிற்று.

மார்ச் 10

மகள் தலையில் அடித்துக்கொண்டாள். "அப்பா, செட்டிங்ஸ்ல அறுபதுலயே விட்டிருக்கேன்!"

"ஆறு கியர் வண்டிய ரெண்டாவது கியர்லயே உருட்டியிருக்கே" என்றேன்.

மாற்றியதும் சாலை வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. எழுத்து பாதி பிடிபடுகிறது. பாதி போதாது.

மார்ச் 12

மங்கலைக் குறைக்கவென்று மானிட்டரில் ஒரு வசதி உண்டாம். ஒவ்வொரு படத்துக்கும் திரையின் விளக்கு ஒருமுறை மின்னி அணையுமாம். போட்டதும் எழுத்தெல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தது. அந்த வேகத்துக்கு நம் கம்ப்யூட்டரால் படம் தர முடியாததால் ஒரே படம் இருமுறை மின்னுகிறதாம். மகள் நூற்றுக்கு இறக்கினாள், கம்ப்யூட்டர் ஈடுகொடுத்தது.

திரை கொஞ்சம் இருட்டு. ஆனால் எண்பது கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது படித்தேன்! 'குறுகிய பாலம்'. கத்தியே படித்தேன். இவள் "ம்" போட்டாள்.

மார்ச் 13

'வளைவு.' 'பள்ளி.' 'மெதுவாகச் செல்லவும்.' படித்தேன். மெதுவாகப் போகவில்லை.

மார்ச் 15

இவள் வரவில்லை. அடுக்களையில் வேலையாம்.

மார்ச் 16

இன்றும் வரவில்லை. நாற்காலியில் மடித்த துணி உட்கார்ந்திருக்கிறது. சத்தமாகத்தான் படித்தேன். "ம்" போட ஆளில்லை.

மார்ச் 17

நெற்றியில் ஈரத்துணியோடு படுத்திருந்தாள். துருவிக் கேட்டபிறகு சொன்னாள்: "அந்தத் திரை படபடங்குதுங்க. பார்த்தா தலை பிளக்குது. நீங்க ஆசையா படிக்கிறீங்க, அதை எதுக்குக் கெடுக்கணும்னு..."

விளக்கு துடிப்பது சிலர் கண்ணுக்குத் தெரியுமாம். என் கண்ணுக்குத் தெரியவில்லை, இவள் கண்ணுக்குத் தெரிகிறது. துடிப்பைக் கூட்டினால் இவளுக்கு நிம்மதி, எனக்கு எழுத்து மறுபடி இரட்டை.

ஓடும் எழுத்தா, இவளா? எழுதிப் பார்த்தால் இதெல்லாம் ஒரு கேள்வியா என்றிருக்கிறது. ஆனாலும் சாப்பிடும்போதுகூட அதே யோசனை. எண்பதில் படித்தவனாயிற்றே நான்!

மார்ச் 18

நானே அந்த வசதியை அணைத்தேன். மானிட்டரில் இருப்பது இங்கிலீஷ், எனக்குத் தெரியாத எழுத்து. எத்தனையாவது வரி என்று அடையாளம் வைத்திருந்தேன், அந்தக் காலத்துப் பலகைகளைப்போல. நூற்றி நாற்பத்திநாலு மட்டும் இருக்கட்டும். நாற்காலியில் இருந்த துணியை அலமாரியில் வைத்துவிட்டுக் கூப்பிட்டேன். வந்தாள்.

முப்பதில் உருட்டினேன். பின்னால் ஒருவன் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தான். அடிக்கட்டும்.

இறக்கத்தில் ஒரு நீளப் பலகை. பாதி படிப்பதற்குள் போய்விட்டது.

"என்ன போட்டிருந்துச்சு?"

"தெரியலையே."

"அப்ப திரும்பிப் போங்க."

நெடுஞ்சாலையில் ரிவர்ஸா? நாற்பது வருடத்தில் ஒருமுறைகூட அந்தக் காரியம் செய்ததில்லை. எடுத்தேன். ஹாரன் அடித்தவன் விலகி ஓடினான். பலகை கண்ணெதிரே வந்து நின்றது.

'ஓய்விடம். தேநீர். கழிப்பறை இடப்பக்கம்.'

இவள் "ம்" போட்டாள்.