நடு எழுத்து என்னுடையது

பிப்ரவரி 4

நிருபருக்கு,

வணக்கம். நான் உங்கள் பேப்பரின் பழைய வாசகி. ஒரு காலத்தில் சட்டைக் கம்பெனியில் பொத்தான் தைத்தவள். நகராட்சிக் கூட்டம், தண்ணீர்க்குழாய் உடைப்பு என்று நீங்கள் எழுதத் தொடங்கிய நாளிலிருந்து படிக்கிறேன். நேற்றைய கோர்ட் செய்தி நன்றாக இருந்தது. ஆனால் நீதிபதி கொட்டாவி விட்டதையெல்லாமா எழுதுவார்கள்?

கேட்க வந்தது வேறு. இப்படி ஒரு பெயரை உங்களுக்கு யார் வைத்தது? தெரிந்துகொள்ளாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும்.

இப்படிக்கு,
பொத்தான்காரி

பிப்ரவரி 11

அன்புள்ள பொத்தான்காரி அம்மாவுக்கு,

கொட்டாவி உண்மை. இரண்டு பேர் சொன்ன பிறகுதான் எழுதினேன். ஒருவர் மட்டும் சொன்னால் மழை பெய்தது என்றுகூடப் போடமாட்டார் எங்கள் ஆசிரியர்.

பெயர் என் அம்மா வைத்தது. ஏன் என்று கேட்டால், "சும்மா தோணிச்சு, போடி" என்பார். போலீஸ் ஸ்டேஷனில் "நாய்க்குட்டிக்கு வைக்கிற பேரு மாதிரி இருக்கே" என்று சிரிப்பார்கள். அப்புறம் என்னை மறக்கவே மாட்டார்கள். பாதிச் செய்தி எனக்கு அப்படித்தான் கிடைத்தது. இப்போது முதல் பக்கத்துக்கு எழுதச் சொல்கிறார்கள். "இந்தப் பேரைப் போட்டா செய்தியையே கட்டுக்கதைன்னு நினைப்பாங்க. நல்ல பேரா ஒண்ணு வச்சுக்க" என்கிறார் ஆசிரியர். மாதக் கடைசிக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

ஒன்று என் கண்ணில் பட்டது. பெயரைப் பற்றி விசாரிக்கும் நீங்கள், அந்தப் பெயரை ஓரிடத்தில்கூட எழுதவில்லை. ஏன்?

அன்புடன்,
ஜிலுமி

பிப்ரவரி 15

நிருபருக்கு,

சரியான ஆள்தான் நீ. இனி நீ என்றே எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. யார் வைத்தது என்று தெரிந்துகொண்டேதான் கேட்டேன். உன் அம்மா உன்னிடம் என்ன சொல்லி வைத்திருக்கிறாள் என்று பார்க்கத்தான்.

சும்மா தோன்றவில்லை. அவளும் நானும் பொத்தான் பிரிவில் பக்கத்துப் பக்கத்து மெஷின். சூப்பர்வைசர் பேசவிடமாட்டார். அதனால் ஆளுக்கொரு எழுத்தாக முணுமுணுத்துப் பெயர் கோர்ப்போம். இந்தப் பெயரில் முதல் எழுத்து அவள் சொன்னது, நடு எழுத்து என்னுடையது, கடைசி மறுபடியும் அவள். சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. யாருக்கு முதலில் பெண் பிறக்கிறதோ அவள் வைக்கட்டும் என்று பேசிக்கொண்டோம்.

எனக்குத்தான் முதலில் பிறந்தாள். வைத்தேன். ஒரு மாதம்கூடத் தங்கவில்லை. அடுத்த வருஷம் நீ பிறந்தாய். என்னை ஒரு வார்த்தை கேட்காமல் உனக்கு அதே பெயர். "என் பிள்ளை பேரைக்கூட விட்டுவைக்க மாட்டியா?" என்று கேட்டுவிட்டு வந்தவள்தான், அப்புறம் அவள் முகத்திலேயே விழிக்கவில்லை.

பல வருஷம் கழித்துப் பேப்பரில் அந்தப் பெயர். கண்ணால் படிப்பேன். வாயிலும் வராது, பேனாவிலும் வராது. ஆனால் தினமும் தேடுவேன். இல்லாத நாளில் எனக்கு ஒரு வேலையும் ஓடாது. மாற்றுவதாக இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடு, மகளே.

பொத்தான்காரி

பிப்ரவரி 24

அன்புள்ள அம்மாவுக்கு,

இரண்டாவது சாட்சி வேண்டுமே. உங்கள் கடிதத்தை என் அம்மாவிடம் படித்துக் காட்டினேன். அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ஓரிடம் மட்டும் ஒத்துப்போகவில்லை. அந்தப் பெயரை எனக்கு வைக்கலாமா என்று கேட்பதற்காக உங்கள் வீட்டு வாசல்வரை வந்தாராம். உள்ளே நீங்கள் அழுகிற சத்தம் கேட்டுத் திரும்பிவிட்டாராம். "அந்தப் பேரை யாருமே கூப்பிடாம போயிடக் கூடாதுன்னு வச்சேன். அதை அவகிட்ட சொல்லத்தான் தெரியலை" என்றார். சொல்லிவிட்டு வெகுநேரம் அழுதார்.

பெயர் இதுதான் என்று ஆசிரியரிடம் சொல்லிவிட்டேன். முதல் பக்கம் இல்லையென்றால் மூன்றாம் பக்கம், போகட்டும்.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவை அழைத்து வரலாமா? வேண்டாம் என்றாலும் ஒரு வரி எழுதுங்கள். தபால் பெட்டியைத் திறந்து திறந்து பார்க்கப்போகிறார்.

ஜிலுமி

பிப்ரவரி 27

ஜிலுமிக்கு,

வாருங்கள். மாடிப்படி செங்குத்து, பார்த்து ஏறச் சொல். அவளுக்கும் முட்டிவலி இருக்கும், என் வயசுதானே. வாசல்வரை வந்துவிட்டுத் திரும்பிப் போகிற வேலையெல்லாம் இந்தத் தடவை வேண்டாம் என்றும் சொல்.

உன்
பொத்தான்காரி