காலரில் ஒரு சொட்டு

அன்புள்ள அம்மாவுக்கு,

நானும் உங்கள் மாப்பிள்ளையும் நல்ல சுகம். அப்பாவின் முழங்கால் வலி குறைந்ததா?

போன வாரம் தையல் கூடத்தில் மாட்டிக்கொண்டேன். நான் தைத்த வெள்ளைக் காலரில் ஒரு சொட்டு ரத்தம். சூப்பர்வைசர் அக்கா அதைத் தூக்கிக்கொண்டு வந்து, "பத்து வருஷமா தைக்கிறே, இன்னும் விரல்ல ஊசி ஏத்திக்கிறியா?" என்றார். அது மிஷின் ஊசியில்லை, சர்க்கரை பார்க்கிற ஊசி என்று சொல்ல வேண்டியதாயிற்று. "எதுக்கு தினமும் பார்க்கிறே?" என்றார். அதையும் சொல்லிவிட்டேன். உங்களுக்கு முன்னால் அவரிடம் சொன்னதற்குக் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஐந்தாம் மாதம், அம்மா. முந்தைய மூன்றும் மூன்றாம் மாதத்தைத் தாண்டவில்லையே என்றுதான் உங்களிடம்கூட மூச்சு விடவில்லை. பாரம் தூக்கினேன், படி ஏறினேன் என்று என்னையே திட்டிக்கொண்டதெல்லாம் வீண். அடங்காத சர்க்கரைதான் காரணமாக இருந்திருக்கும் என்கிறார் டாக்டர். இந்தத் தடவை வாயைக் கட்டி, மருந்து எடுத்து, முன்கூட்டியே அதை அடக்கிவிட்டுத்தான் உண்டானேன்.

இப்போது என் வரிசையில் எல்லோரும் "இன்னிக்கு எவ்வளவு?" என்று ஸ்கோர் கேட்கிறார்கள். நேற்று சாப்பாட்டுக்குப் பிறகு நூற்றுப் பத்து. கைதட்டினார்கள். பதினோரு மணிக்கு "சாப்பிட்டியா?" என்று அக்கா வந்து நிற்கிறார். குரல்தான் உங்களுடையதாக இல்லை.

மணி அடித்துவிட்டது. ஒரே ஒரு வேலை வைக்கிறேன். ஒவ்வொரு தடவையும் நீங்கள் தைத்துப் பெட்டிக்குள் வைத்த குட்டிச் சட்டைகள் மூன்றையும் எடுத்து வெயிலில் போடுங்கள்.

உங்கள் மகள்