வெரிபீ பெண்களின் காரோட்டும் வகுப்பை மீண்டும் தொடங்கக் கோரி

அனுப்புநர்:
திருமதி லெட்சுமி குணசீலன்,
14, கொரெல்லா தெரு,
வெரிபீ, விக்டோரியா.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
மனநல மேம்பாட்டுப் பிரிவு,
மேற்குச் சமவெளி சமூகச் சுகாதார வாரியம்,
மெல்பர்ன்.

பொருள்: மனநலத்தோடு தொடர்பில்லாதது என்று நிறுத்தப்பட்ட பெண்கள் காரோட்டும் வகுப்பு குறித்தும், அதன்பின் திருமதி யோகராணி விக்னராஜாவுக்கு நேர்ந்தது குறித்தும்.

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

1. நான் மலேசியாவின் தெலுக் இந்தானில் பிறந்தவள். 1986இல் மாணவியாக மெல்பர்ன் வந்தேன். இப்போது வீட்டிலிருந்தபடி சிறு கடைகளுக்குக் கணக்குப் பார்த்துக் கொடுக்கிறேன். இம்மனுவைத் தமிழில் எழுதியிருப்பதற்குத் தாங்கள் பொறுத்தருள வேண்டும். என்னோடு கையெழுத்திடும் பெண்கள், எதில் கையெழுத்திடுகிறோம் என்பதைத் தாங்களே வாசித்துத் தெரிந்துகொள்ள விரும்பினார்கள். ஆங்கில மொழிபெயர்ப்பை என் மகள் செய்து தந்திருக்கிறாள், இணைத்துள்ளேன். தங்களிடம் தமிழறிந்த அலுவலர் இருந்தால், அவரைக் கொண்டு இதையே வாசிக்கச் செய்யுமாறு வேண்டுகிறேன்.

2. எங்கள் குடியிருப்பு வெரிபீயின் விளிம்பில் புதிதாக எழுந்தது. வீடுகள் வந்துவிட்டன, பேருந்து இன்னும் வரவில்லை. கடைத்தெருவுக்கோ ரயில் நிலையத்துக்கோ நடந்து போவது கைக்குழந்தையோடு ஆகிற காரியமல்ல. வீட்டுக்கு ஒரு கார்தான். விடியுமுன் அதைக் கணவர் வேலைக்கு எடுத்துப் போய்விடுவார். பிறகு அவர் திரும்பும்வரை தெருவில் ஆள் நடமாட்டம் இராது. இங்கு மணமாகி வந்த இளம்பெண்களுக்கு வீடு புதிது, நாடும் புதிது, சில வேளைகளில் கணவரும் புதிது.

3. 2007இல் தங்கள் வாரியத்தின் செவிலி மார்கரெட் இப்பெண்களைப் பார்க்க வந்தார். மனச்சோர்வு பற்றிய துண்டறிக்கைகளைக் கொடுத்தார். எல்லோரும் மரியாதையாக வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. கடைசியில் அவர், "உங்களுக்கு என்னதான் வேண்டும்?" என்று கேட்டார். "கார் ஓடப் பழகவேணும்" என்றார் யோகராணி. அங்கிருந்த அனைவரும் சிரித்துவிட்டார்கள். மார்கரெட் சிரிக்கவில்லை. வாரியத்தின் பழைய கார் ஒன்றைக் கேட்டு வாங்கி, பழகுநருக்கான 'எல்' பலகை மாட்டிக் கொண்டுவந்தார். பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுக்கும் தொண்டர்களில் நானும் ஒருத்தி.

4. அந்தக் காரில் நான் கண்டதைத் தாங்கள் அறிய வேண்டும். ஓட்டுபவர் கண் சாலையில் இருக்கும். பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. அதனாலேயே வாய் திறக்கும். துண்டறிக்கைக்கு முன்னால் ஊமையாக இருந்த பெண்கள், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி தூக்கமின்மையைச் சொன்னார்கள், அழுகையைச் சொன்னார்கள், பிள்ளையைத் தூக்கவே கை வராத காலைகளைச் சொன்னார்கள். கேட்டதில் கவலைக்குரியதை, அவர்கள் சம்மதத்தோடு, மார்கரெட்டிடம் தெரிவித்தோம். அவர் வேண்டிய உதவியைத் தேடிக் கொடுத்தார்.

5. யோகராணி யாழ்ப்பாணம் கரவெட்டியைச் சேர்ந்தவர். அங்கே பள்ளிக்கூடத்தில் கணிதம் கற்பித்தவர். கணவர் விக்னராஜா லாவெர்ட்டனில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறார். மகள் ஆரணி பிறந்தபின் யோகராணிக்கு உறக்கம் போயிற்று. வகுப்பின் முதல் நாள் ரவுண்டபௌட் என்னும் சாலைச் சுற்றுவட்டத்தின் நடுவில் காரை நிறுத்திவிட்டார். பின்னால் வந்தவர்கள் ஹார்ன் அடித்தார்கள். "பயப்படாதம்மா, மெதுவா மிதி" என்றேன். திரும்பி வரும்போது ஸ்டியரிங்கைப் பற்றியபடி அவர் சொன்னது: "அக்கா, இதைப் பிடிச்சிருக்கேக்கதான் என்ர கை என்ர கையாக் கிடக்குது." சில மாதங்களில் அவர் நன்றாக ஓட்டினார். ஓட்டுநர் தேர்வுக்கும் நாள் வாங்கியிருந்தார்.

6. அந்த நாள் வருமுன், 2008 ஜூலைக் குளிர்காலத்தில், வகுப்பு நிறுத்தப்பட்டது. காரோட்டப் பழக்குவது போக்குவரத்து சார்ந்தது என்றும், வகுப்பில் ஒருவருக்கும் மனநோய் இருப்பதாக மருத்துவச் சான்று இல்லை என்றும் வாரியம் காரணம் கூறியது. போக்குவரத்து அலுவலகத்தைக் கேட்டேன். இது சுகாதாரம் சார்ந்தது என்றார்கள். கார் திரும்பப் பெறப்பட்டது; யோகராணியின் தேர்வும் அதோடு நின்றுபோயிற்று. மார்கரெட் வேறு பிரிவுக்கு மாற்றப்பட்டார். என் சொந்தக் காரில் பழக்கக் காப்புறுதி நிறுவனம் இணங்கவில்லை.

7. அதன்பின் யோகராணி ஒடுங்கிப் போனார். நான் போனால் கதவைப் பாதி திறந்து, "பிள்ளை நித்திரை, அக்கா" என்பார். பிறகு அதுவும் இல்லை. அவருடைய தமையன் குடும்பம் வன்னியில் இருந்தது. போர் நெருங்க, தொலைபேசித் தொடர்பு அறுந்தது. அந்தப் போரைத் தங்கள் வாரியம் நிறுத்தியிருக்க முடியாது என்பதை நான் அறிவேன். அப்படியொரு காலத்தில் அவரை நாலு சுவருக்குள் தனியே இருக்க விடாமல் செய்திருக்க முடியும். நான் மனநல அவசர உதவி எண்ணை அழைத்தேன். "தனக்கோ பிறருக்கோ தீங்கு செய்வதாகச் சொல்கிறாரா?" என்று கேட்டார்கள். இல்லை என்றேன். அப்படியானால் குடும்ப வைத்தியரைப் பார்க்கச் சொல்லுங்கள் என்று முடித்துக்கொண்டார்கள்.

8. வைத்தியரிடம் முறை கிடைத்தது கடந்த ஜனவரி இறுதியில். கோடை வெயில் நாற்பத்து மூன்று பாகையைத் தாண்டி எரித்த வாரம் அது. அழைத்துப் போகவிருந்த விக்னராஜாவுக்குத் தொழிற்சாலையில் விடுப்புக் கிடைக்கவில்லை. வேறு நாள் கேட்போம் என்று சொல்லிவிட்டு அவர் வேலைக்குப் போனார். யோகராணி ஒருவரிடமும் சொல்லாமல், ஆரணியைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு வைத்தியரிடம் நடந்தே புறப்பட்டார். நடைபாதை இல்லாத சாலை. வழியில் நிழல் என்று ஒன்றும் இல்லை. சாலைப் பணியாளர் ஒருவர் அவர்களைக் கண்டபோது யோகராணி வண்டியின் மேல் கவிழ்ந்து, தன் முதுகால் குழந்தைக்கு நிழல் கொடுத்தபடி கிடந்தாராம். குழந்தைக்கு நினைவு இல்லை.

9. இருவரும் உயிர் பிழைத்தார்கள். இந்த வெயிலில் குழந்தையை ஏன் வெளியே கொண்டுவந்தாய் என்று ஆஸ்பத்திரியில் குழந்தைப் பாதுகாப்பு அதிகாரிகள் தொலைபேசி மொழிபெயர்ப்பாளர் வழியாகக் கேட்டார்கள். "டொக்டரிட்டப் போனனான்" என்றார் யோகராணி. மீண்டும் அதையே கேட்டார்கள். அவர் பேசாதிருந்தார். ஒத்துழைக்க மறுத்ததாகப் பதிவாயிற்று. தந்தை பகலெல்லாம் வேலையில் என்பதால் ஆரணி வேறொரு குடும்பத்தின் பொறுப்பில் விடப்பட்டாள். யோகராணி மனநலப் பிரிவில் சேர்க்கப்பட்டார். இன்றுவரை அங்கேதான் இருக்கிறார். பேச்சு அரிது.

10. இப்போது அவருக்கு நோய் இருக்கிறது. அதற்குப் பெயரும் இருக்கிறது. ஆகவே வைத்தியர் இருக்கிறார், நேரில் வரும் மொழிபெயர்ப்பாளர் இருக்கிறார். பிள்ளையைப் பார்க்க அவரை அழைத்துப் போக வாரியம் காரும் அனுப்புகிறது, ஓட்டுநரோடு. சென்ற முறை ஆரணி அவரிடம் வராமல், வளர்ப்புத் தாயின் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். விக்னராஜா என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன் (நோயை அவர்கள் 'வருத்தம்' என்பார்கள்): "அக்கா, வருத்தம் எண்டு ஆனாப் பிறகு எல்லாரும் வருகினம். வராமல் பாத்துக்கொண்ட ஒரு விஷயத்தை ஏன் நிப்பாட்டினவை?"

11. அவர் கேள்விக்கு விடை தேடித் தங்கள் பிரிவின் கொள்கை ஏட்டை வாங்கிப் படித்தேன். மனநலம் மருத்துவமனையில் பிறப்பதில்லை, அது வீட்டிலும் தெருவிலும் வேலையிடத்திலும் உருவாகிறது என்று அதில் எழுதியிருக்கிறது. ஐரோப்பிய நாடுகள் நோய் வருமுன்பே மனநலத்தைப் பேணுவதை அரசின் கடமையாக எடுத்துக்கொள்வதைப் புகழ்ந்து, நாமும் அவ்வழி நடப்போம் என்றும் இருக்கிறது. அச்சொற்களோடு எனக்கு எந்த வேறுபாடும் இல்லை, ஐயா. எங்கள் தெருவில் அதன்படி நடந்தது அந்தப் பழைய கார் ஒன்றுதான். அதைத்தான் எடுத்துக்கொண்டு போனீர்கள்.

12. ஆகவே வகுப்பை மீண்டும் தொடங்கவும், செவிலி மார்கரெட்டைத் திரும்ப அனுப்பவும், இனி இத்தகைய வகுப்பில் சேர நோய்ச்சான்று கேட்கப்படாது என எழுத்தில் தெரிவிக்கவும் வேண்டுகிறோம். யோகராணி பேசாதிருந்ததை ஒத்துழையாமை என்று எழுதியதைத் திருத்தி, அவர் சென்றது வைத்தியரிடம் என்பதைக் குழந்தைப் பாதுகாப்பு அதிகாரிகளுக்குத் தங்கள் வாரியமே எடுத்துச் சொல்ல வேண்டும்.

13. இம்மனுவில் பின்தெருவில் வசிக்கும் இரஞ்சிதமும் கையெழுத்திடுவதாக இருந்தது. அவரும் அந்த வகுப்பில் இருந்தவர். இரண்டு வாரமாக அவர் கதவைத் திறப்பதில்லை. நேற்று உள்ளே குழந்தை அழும் சத்தம் கேட்டது. அவர் குரல் கேட்கவில்லை. அவசர எண்ணை அழைத்தேன். தீங்கு செய்வதாகச் சொல்கிறாரா என்ற அதே கேள்வியைக் கேட்டார்கள். இன்றைய தேதியில் அவருக்கு எந்த நோயும் இல்லை என்பதைத் தங்கள் மேலான கவனத்திற்குக் கொண்டுவருகிறேன். இந்த வாரத்திற்குள் ஒருவரை அனுப்பிவையுங்கள், ஐயா.

இடம்: வெரிபீ
நாள்: 20 ஏப்ரல் 2009

தங்கள் நடவடிக்கையை எதிர்நோக்கி,
லெட்சுமி குணசீலன்
(உடன் கையெழுத்திட்டோர்: மீனாம்பாள் தேவராஜா, செல்வராணி ஜெயரட்ணம் மற்றும் வகுப்பில் பயின்ற பெண்கள்)