வெள்ளத் தண்ணீர் என்று சொன்னேனே, மாப்பிள்ளை

என் தங்கை ரேவதியைக் கட்டியவனே, அன்பு மாப்பிள்ளை தணிகாசலம்,

நீ போய் வருஷம் திரும்பப் போகிறது. தவளக்குப்பம் பட்டறையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். எதிரே உன் டிரையல்ஸ் வண்டி நிற்கிறது. கால் ஊன்றாமல் பாறை மேல் ஏறுவதற்கென்றே செய்த வண்டி என்று ஊரெல்லாம் விளக்குவாயே. "சீட்டே இல்லாத வண்டிய எதுக்குடா வாங்கன, நடந்தே போலாமே" என்று நான் கிண்டல் செய்வேன். நீயும் சிரிப்பாய்.

முதலில் வீட்டுச் சேதி. உன் மகள் சுவரைப் பிடித்து நிற்கிறாள். மூக்கு அப்படியே உன்னுடையது. அடுத்த மாதம் காது குத்து. "மடி உன்னுதுதாண்ணா" என்று ரேவதி சொல்லிவிட்டாள்.

போன வாரம் அவள்தான் வண்டியை லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தாள். பின்சக்கரம் சுற்றவே இல்லை. "வூட்ல வச்சிப் பாத்துகினு இருக்க முடியலண்ணா. ஓட்ற மாதிரி பண்ணிக் குடு, வித்துடலாம்" என்றாள். கிளம்பும்போது வாசலில் நின்று, "நாப்பதுக்கு மேல போவ மாட்டேன்னு என் வயித்து மேல கை வச்சி சொன்னாருண்ணா. ஒரு மாசம்கூட காப்பாத்தல" என்றாள். அழவில்லை. உன் மேல் அவளுக்கு இருக்கும் கோபம் அழுகையைத் தாண்டிப் போய்விட்டது.

பாகூர் ஏரி நிரம்பி ரோட்டில் தண்ணீர் போன அந்த வாரம் உனக்கு நினைவிருக்கிறதா? முழங்கால் தண்ணீரில் வண்டியை ஓட்டிவிட்டு இங்கே வந்தாய். ஆயிலை வடித்தேன். பால் ஊற்றிய டீ மாதிரி வந்தது.

"இன்னா மச்சான் இது?"

"வெள்ளத்துல எறக்கனா தண்ணி உள்ள பூராம இன்னா செய்யும்?"

"ரேடியேட்டர்ல தண்ணி கொறஞ்சிருக்கான்னு பாத்துடலாமா?"

"மெக்கானிக் நீயா நானா?" என்றேன்.

ஒவ்வொரு மழைக்கும் இந்தப் பட்டறை வாசலில் நீரில் மூழ்கிய வண்டிகள் வரிசையில் நிற்கும். எல்லாவற்றிலும் அதே நிறம்தான். ஆயிலை வடித்து, கழுவி, புதிது ஊற்றினால் சரியாகிவிடும். எல்லாம் காற்றில் குளிரும் வண்டிகள், ஒன்றில்கூட ரேடியேட்டர் கிடையாது. என் கைக்குப் பழகியதை உன் வண்டிக்கும் செய்து அனுப்பிவிட்டேன்.

ஒன்பதாம் நாள், பனித்திட்டுக் கடற்கரையில் கொட்டியிருக்கும் கருங்கற்களில் ஏறப் பழகுவதற்காகக் கிளம்பினாய். வழியிலேயே மதகுச் சுவரில் மோதிக் கிடந்தாய். ரோட்டில் நீளமாக ஒரு டயர் கோடு. "வேகம்" என்றார்கள். நானும் தலையை ஆட்டினேன்.

நேற்று ஆயிலை வடித்தேன். மறுபடியும் அதே டீ நிறம். நான் ஊற்றியது புது ஆயில். அந்த ஒன்பது நாளும் மழை இல்லை, நீ வண்டியைத் தண்ணீரில் இறக்கவும் இல்லை. அப்புறம்தான் ரேடியேட்டர் மூடியைத் திறந்து விரலை விட்டேன். சொட்டுத் தண்ணீர் இல்லை. வாட்டர் பம்பைக் கழற்றினால், உள்ளே சுண்டுவிரல் அகலத்துக்கு ஒரு ரப்பர் சீல், விளிம்பெல்லாம் வெடித்துக் கிடந்தது. ரேடியேட்டர் தண்ணீரெல்லாம் அது வழியாக ஆயிலுக்குள் போயிருக்கிறது. என்ஜின் கொதித்து, பிஸ்டன் ஒட்டி, ஓடுகிற வண்டியின் பின்சக்கரத்தை அப்படியே பிடித்துவிட்டது. அந்தக் கோடு நீ போட்ட பிரேக் இல்லை, மாப்பிள்ளை.

இன்னொன்றும் பார்த்தேன். வண்டி மூன்றாவது கியரில் நிற்கிறது. அன்றைக்குப் பிறகு அதை யாரும் தொடவில்லை. மூன்றாவதில் அந்த வண்டி நாற்பதைத் தொடவே தொடாது.

சீலையும் பிஸ்டனையும் மாற்றி வண்டியைக் கொடுத்துவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. நேற்று முழுக்க அதைத்தான் நினைத்தேன், பொய் சொல்ல மாட்டேன். அப்பா அம்மா இல்லாத பெண்ணுக்கு நான் ஒருத்தன்தான் இருக்கிறேன். சொல்லிவிட்டால் அதுவும் இருக்காதோ? ஆனால் பெண்டாட்டியிடம் சொன்ன சொல்லை மீறினவன் என்ற பேரோடு உன்னை எத்தனை வருஷம் அந்த வீட்டுச் சுவரில் மாட்டி வைப்பது?

இன்று சாயங்காலம் வருகிறேன் என்று ரேவதியிடம் சொல்லியிருக்கிறேன். வெடித்த அந்த ரப்பர் சீலைக் காகிதத்தில் மடித்துச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். அதை அவள் கையில் கொடுத்து, நீ கேட்ட கேள்வியையும் நான் சொன்ன பதிலையும் ஒரு வார்த்தை குறையாமல் சொல்வேன். அதற்கு முன்னால் உன் மகளைத் தூக்க மாட்டேன். இது சத்தியம்.

இப்படிக்கு,
உன் மச்சான் ஏழுமலை,
ரேவதி சம்மதித்தால், உன் மகளுக்குத் தாய்மாமன்.