கத்திய வாளியும் கத்தாத வாளியும்

ஹாமர்ஃபெஸ்ட்,
வெள்ளிக்கிழமை

அன்புள்ள எல்டார்,

முழங்காலுக்கு மருந்து தேய்க்கிறாயா, இல்லை மறந்துவிட்டு நொண்டுகிறாயா? நான் நன்றாகச் சாப்பிடுகிறேன். கவலைப்படாதே.

இங்கே நானே பீர் காய்ச்ச ஆரம்பித்துவிட்டேன். நான் வேலை பார்க்கும் கப்பல் பட்டறையில் ஒதுக்கிப் போட்டிருந்த பால்கேனுக்குக் குழாய் வைத்து வெல்டிங் செய்தேன். செப்புக் குழாயில் ரம்பத்தால் கீறல்கள் போட்டு உள்ளே அடியில் வைத்தால், மால்ட்டின், அதாவது முளைகட்டிய பார்லியின், சக்கை தங்கிச் சாறு மட்டும் இறங்குகிறது. முதல் தடவை கீறல்கள் அகலமாகிப்போய்க் கஞ்சிதான் வந்தது.

ஈஸ்ட் போடும்போது நீ கத்துவாயே, கத்தினால்தான் பீருக்கு வீரியம் என்று. அது உண்மையா என்று பார்த்துவிட ஆசை. சாற்றை இரண்டு வாளியில் பிரித்து, நம் வீட்டிலிருந்து கொண்டுவந்த ஈஸ்டை இரண்டிலும் போட்டு, ஒன்றின் மேல் மட்டும் தொண்டை கிழியக் கத்தினேன். பக்கத்து வீட்டு அஸ்லாக் கையில் துடுப்போடு ஓடிவந்தார்.

“யாரும்மா செத்தது?”

“யாரும் சாகலை. ஈஸ்டுக்குக் கத்துனேன்.”

“அதுக்குக் காது கேக்குமா?”

“அதத்தான் பாத்துக்கிட்டிருக்கேன்.”

அவரும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். சாயங்காலம் வரை இருவரும் வாளிகளையே பார்த்துக்கொண்டிருந்தோம். கத்தாத வாளிதான் முதலில் நுரைத்தது.

காய்ந்த ஈஸ்டில் இன்னொரு துண்டும் பீரில் வாசனைக்குப் போட ஜூனிப்பர் செடியின் கிளை நாலும் அனுப்பு. கம்பளிக் காலுறையும். அப்படியே நீ கத்துவதைப் போனில் பதிவு செய்து அனுப்பு. பலன் இல்லை என்று தெரிந்துவிட்டது, இருந்தாலும் அனுப்பு. அங்கே நீ கத்தும்போதெல்லாம் ஊருக்கே கேட்குமே என்று ஜன்னலைச் சாத்துவேன். இங்கே சாத்த மாட்டேன்.

பட்டறைக்கு நேரமாகிவிட்டது.

ராக்னா