வட்டத் துளை இல்லாத மடிக்கணினி குறித்து

மாசித் திங்கள், உச்சி முரசு ஓய்ந்த வேளை.

ஆழிக்கோட்டு நாட்டின் முதலமைச்சர், நெறி பிறழாத கொற்றங்குடையார் திருமுன்பு, மதகுமலை அரசின் விருந்து மாளிகையிலிருந்து தூதன் விழுப்பரையன் பணிந்து எழுதுவது. தங்கள் ஏரிகள் நிறைக. எல்லையில் நம் குதிரைகள் சேணமின்றி மேய்க.

மேற்குக் கணவாயைக் கொடுத்தால் நட்பு, மறுத்தால் படை என்கிறார் மதகுமலை வேந்தர். அந்தி முரசுக்குள் நான் விடை சொல்ல வேண்டும். அதுவரை கோட்டை வாயில் திறக்காது.

தூதனுக்குரிய கட்டளையை நாம் எழுதுவதில்லை. மன்னர் தம் குரலில் மடிக்கணினியில் பதிந்து தருவார். தூதன் செவி மட்டுமே கேட்கும். எதிரியின் நிபந்தனையை அறியுமுன் அதைத் திறப்பதும் குற்றம். அவ்வாறே திறவாமல் கொண்டுவந்தேன். இன்று காலை நிபந்தனையைக் கேட்டபின் மடிக்கணினியைத் திறந்தேன். காதொலிக் கம்பியின் வட்ட முனையைச் செருக இடமில்லை. விளிம்பெங்கும் தடவினேன். எல்லாம் தட்டையான புதுத் துளைகள்.

கம்பியில்லாக் கருவிகள் வந்துவிட்டன, மடிக்கணினி மெலியட்டும், பழைய துளை எதற்கு என்று அவையில் தாங்கள் உரைத்தீர்கள். நம் நகரத்தில் அது நியாயம். இங்கோ கம்பியில்லாக் கருவி அனைத்தையும் கோட்டை வாயிலிலேயே வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். விருந்தினரைத் தனியே விடுவதும் இவர்களுக்கு இழுக்கு. காவலர் பூதங்கோதை கையெட்டும் தூரத்தில் அமர்ந்து பாக்கு வெட்டுகிறார். கற்சுவர் முணுமுணுப்பையும் பெருக்கிக் காட்டுகிறது.

"என்ன தூதரே, தெறக்குறதும் மூடுறதுமா இருக்கீங்க? உள்ள ராஜா ஒளிஞ்சிருக்காரா?" என்று சற்றுமுன் நகைத்தார்.

கணவாயில் நம் ஊர்கள் இருக்கின்றன. ஆம் என்றால் அவை அயலார் ஊர்கள். இல்லை என்றால் முதல் அம்பு அவற்றின் மேல். மன்னர் விடை என் மடியில் இருக்கிறது. நான் அதை அறியேன்.

இவர்கள் முத்திரையை உடைப்பதில்லை. ஓலை தங்களை வந்தடையும். ஆனால் அதற்குள் நான் ஏதோ ஒன்றைச் சொல்லியிருப்பேன். ஆகவே எனக்காக எதையும் கேட்கவில்லை. இதே போன்ற மடிக்கணினியோடு தென்கரைக்குப் புறப்படும் தூதரை நிறுத்துக. புதுத் துளைகள் இருக்கட்டும். அவற்றின் அருகே பழைய வட்டத் துளையும் இருக்கட்டும். அஃதில்லாத மடிக்கணினி எத்தூதன் கையிலும் எல்லை தாண்டலாகாது. என்னிடமுள்ள அரச முத்திரையின் உரிமையால் இதனை ஆணையாக்குகிறேன்.

அரக்கு உருகுகிறது. இடுமுன் ஒன்று.

பூதங்கோதை தம் மடியிலிருந்து விரலளவு இணைப்பு ஒன்றை எடுத்து ஓலையின் அருகே வைத்திருக்கிறார். ஒரு முனை தட்டை. மறுமுனையில் வட்டத் துளை. என் கம்பி அதில் கச்சிதமாகப் பொருந்துகிறது. அது இந்நாட்டுப் பொறிக்கூடத்தில் செய்தது. உள்ளே வேறென்ன வைத்திருக்கிறார்கள் என்று தெரியவில்லை.

"செருகிக் கேளுங்க தூதரே, எங்களுக்கு ஒண்ணும் கேக்காது. என்ன, நம்ப மாட்டீங்களா?"